கொசுறு

பித்தப்பையில் கல் என்று சொல்லு
என்றாள் நாத்தனார் தாமோ.
கல்லென்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.
கிஸ்லானைப் பெண் கேட்டு
அஸ்ரூவிலிருந்து ஆள் வருகிற மாதம்,
அந்தப் பெயரை வாசலில் வைக்காதே.

கெனிஃப்ராவில் அதற்குப் பெயரே கிடையாது.
'அது' என்பார்கள்.
சொல்லிவிட்டு ஒருமுறை
தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே கல் எடுக்க
இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை
மெக்னெஸுக்குப் பேருந்து ஏறினேன்.
திரும்பும்போது மடியில் இரண்டு பைகள்,
ஆரஞ்சுக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று.
இன்னும் எத்தனை கல் அம்மா
என்று கேட்டான் ஓட்டுநர்.
கேலியா கனிவா தெரியவில்லை.
நாலு, என்றேன்.

அறுவை முடிந்து வந்த இரவு
புஷ்தா தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு
கூடத்துக்குப் போனார்.
தூக்கத்தில் கை பட்டுவிடும், என்றார்.
அது நவம்பர்.
பிப்ரவரியில் செங்கால் நாரைகள்
மசூதிக் கோபுரத்துக்குத் திரும்பிவிட்டன.
போர்வை திரும்பவில்லை.

நீலக் கோடு போட்ட தேநீர்க் கிளாஸ்
எனக்கென்று ஆகிவிட்டது.
யாரும் சொல்லவில்லை.
கழுவித் தனியே கவிழ்ந்திருந்தது.

அஸ்ரூவிலிருந்து ஆள் வரவில்லை.
அன்று மாலை கிஸ்லான்
விருந்துக்குக் குழைத்த மருதாணியை
முடியில்லாத என் தலையில் அப்பினாள்.
வீணாகப் போகவேண்டாம் என்றாள்.
கோபமாகத்தான் அப்பினாள்.
ஆனாலும் காதோரம் வழிந்ததை
விரலால் வழித்துவிட்டாள்.

இடது பக்கத்துக்கு ஒரு பை தைத்தேன்.
முதலில் ஆட்டு ரோமம் அடைத்தேன்,
கனமில்லாமல் கழுத்துக்கு ஏறியது.
பிறகு மசூர்ப் பயறு.
பயறு இருந்த இடத்தில் இருக்கும்.

ஆறு மாதம் கழித்து ஹம்மாமுக்குப் போனேன்,
செவ்வாய்க்கிழமை, கடைசி நேரம்.
ஆவிக்குள் ரவிக்கையோடு நுழைந்தவள் நான் ஒருத்திதான்.
கழற்று, என்றாள் தேய்க்கிற பத்தூல்,
துணியைத் தேய்க்கவா எனக்குக் காசு?
கழற்றினேன்.
பக்கத்திலிருந்தவள் தன் வாளியை
ஒரு சாண் இழுத்துக்கொண்டாள்.
பத்தூல் அதைப் பார்த்தாள்.
கறுப்புச் சோப்பை அள்ளினாள்,
எல்லோருக்கும் தேய்க்கிற அதே முரட்டுக் கை,
முதுகு, தோள், அக்குள்.
தழும்புக்கு வந்ததும் மட்டும்
சொரசொரத்த உறையைக் கழற்றிவிட்டு
வெறும் உள்ளங்கையை வைத்தாள்.
ரப்பர் இல்லாமல் அங்கே பட்ட முதல் கை.
ஐம்பது திர்ஹாம் கூலி.
நீராவியில் எல்லா முகமும் நனைந்துதான் இருக்கும்,
அது ஒரு வசதி.

நனைந்த பையை ஜன்னலில் போட்டவள்
மறந்துபோனேன்.
மூன்றாம் நாள்
தையல் வழியே வெள்ளையாய் எட்டிப்பார்த்தது முளை.
இதென்ன, என்றார் புஷ்தா.
சொன்னேன்.
முப்பது வருடமாகச் சந்தையில் தானியம் விற்கிறவர்.
நன்றாகக் காயாத சரக்கு, என்று மட்டும் சொல்லிவிட்டு
எழுந்து போனார்.

இரவு கடைத் தராசோடு வந்தார்.
இடுப்பில் கட்டிய மூட்டையில் பயறு.
எவ்வளவு வேண்டும்?
எனக்கெப்படித் தெரியும்?
கையால் தூக்கியே எடை சொல்கிற ஆள்,
கையை நீட்டவில்லை,
மடக்கவும் இல்லை.
நானே குனிந்து
வலது பக்கத்தைத் தட்டில் வைத்தேன்.
பித்தளை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.
அவர் எதிர்த்தட்டில் ஒவ்வொன்றாக
எடைக்கற்களை வைத்தார்.
இதோ வந்துவிட்டது கல், தாமோ.
முந்நூற்றுப் பத்து!
என்று சந்தைக் குரலிலேயே கூவிவிட்டார்.
பழக்கதோஷம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
தட்டு ஆடியது,
ஆடாதே, ஆடாதே, கணக்குத் தப்பும் என்று
அவரும் சிரித்தார்,
அல்லது மூக்கை உறிஞ்சினார்.

பிறகு பயறை நிறுத்தார்.
முள் நடுவில் நின்றது.
நின்ற பிறகும் ஒரு பிடி அள்ளி
மேலே போட்டார்,
நெடுநாள் வாடிக்கைக்குப் போடுகிற கொசுறு.

அன்றும் கூடத்தில்தான் படுத்தார்.

தெருவில் நடந்தால் இப்போது
இடது தோள் கொஞ்சம் இறங்கித் தெரிகிறதாம்.
அந்தப் பிடியை எடுத்துவிடு என்கிறாள் தாமோ.
எடுக்கவில்லை.